துலம்பென் மணலில் ஒரு வளை

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலம்பெனுக்குக் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா செய்ய வருகிறவர்களில் பெரும்பாலானோர் லிபர்ட்டி என்கிற அமெரிக்கக் கப்பலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவில் அடிபட்டுக் கரையில் கிடந்த கப்பல், 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்துவிட்டது. நானும் இறங்கிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் கண்ணுக்குள் நிற்பது பக்கத்தில் இருக்கும் கோரல் கார்டன் என்கிற பவளப் பகுதிதான்.

இங்கே படகு வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். ஊர்ப் பெண்கள் சும்மாடு வைத்துச் சிலிண்டரைத் தலையில் சுமந்துகொண்டு கூழாங்கற்கள் மேல் சர்வசாதாரணமாக நடக்கிறார்கள். காலி அலுமினிய சிலிண்டரே 14 கிலோ இருக்கும். அந்தக் கற்கள்தான் நமக்குச் சிரமம், அலை வாங்கும்போது காலடியில் உருளும். முதல் நாள் கரை ஓரத்திலேயே நின்று காலுக்கான துடுப்பை, அதாவது ஃபின்னை, மாட்டப் போனேன், அடுத்த அலை தள்ளிவிட்டு முழங்கால் சிராய்ந்தது. மாஸ்க்கைப் போட்டு, சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு அலைகளுக்கு நடுவே நிற்காமல் நடந்து, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் மிதந்துகொண்டே ஃபின் மாட்ட வேண்டும். வெளியே வரும்போது கால் நிற்கவில்லை என்றால் தவழ்ந்து வரலாம், அதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

உள்ளே போனால் எரிமலை தந்த கறுப்பு மணல், அதில் திட்டுத் திட்டாகப் பவளம். எல்லோரும் பவளத்தையே பார்த்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு மணல்தான் பிடித்துப்போனது. சுமார் 8 மீட்டர் ஆழத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளை, வாசலில் ஓர் உளுவை மீன் காவல் நின்றது. உள்ளிருந்து ஒரு சின்ன இறால் புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகும், மறுபடி வரும். அந்த இறாலுக்குக் கண் பார்வை ரொம்ப மோசம், அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் உடம்பின் மேலேயே வைத்திருக்கும். நான் ஒரு கை தூரம் கூடுதலாக நெருங்கினேன், மீன் வாலை ஒரு உதறு உதறியது, இறால் உள்ளே போய்விட்டது, அப்புறம் மீனும் தலைகீழாகப் பாய்ந்து மறைந்தது.

மூச்சை அடக்காமல் மெதுவாக விட்டுக்கொண்டு, ஃபின் மணலில் படாமல் காத்திருந்தேன். இது முக்கியம், ஏனென்றால் நாம் கிளப்பிவிடும் மணல் பக்கத்துப் பவளத்தின் மேல்தான் படியும், அதைத் தள்ளிவிடப் பவளமாக வாழும் அந்தச் சின்ன உயிர்கள் சளியைச் சுரந்து தங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் முதலில் மீனின் தலை வந்தது, பிறகு மீசை, பிறகு மணல்.

மறுநாள் காலை வேறெங்கும் போகாமல் அதே வளைக்கே போனேன். இரண்டும் இருந்தன.