அக்கா பெல்லா யாருங்க?

சனிக்கிழமை அடித்த காற்றில் டர்பன்டைன் மரமொன்று கம்பி மேலே சாய, அட்டன் பக்கத்து எங்கள் தோட்டம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. போனில் உயிர் மிச்சம் இருந்தவர்களுக்கு மட்டும் ராத்திரி கொயர் மாஸ்டரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "நாளைப் பூசைக்கு ஆர்கன் இல்லை. எல்லாப் பாட்டும் அ கப்பெல்லா. நேரத்தோடு வரவும்."

மாஸ்டர் கொஞ்ச காலம் கொழும்பில் பெரிய கொயர் ஒன்றில் பாடியவர். அங்கே கற்ற சொற்களை அவ்வப்போது எங்கள் மேல் வீசிப் பார்ப்பதில் அவருக்குத் தனி இன்பம்.

காலையில் கோயில் வாசலில், பனிமூட்டத்துக்குள் ஆளுக்கொரு வியாக்கியானம். "யாருங்க அந்த அக்கா பெல்லா? கொழும்புல இருந்து வாராங்களா?" என்று கேட்டார் முன்வரிசைப் பாட்டி. தபேலாத் தம்பி முகம் செத்துப்போய் நின்றான். டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "பெல்லன்னா கழுத்து. கபனவான்னா வெட்டுறது. கத்தி என் கழுத்துக்குத்தான், பாத்துக்கங்க" என்றான்.

சொல்லுக்கும் கழுத்துக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான். அ கப்பெல்லா என்றால் வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தாலியச் சொல்லாம், 'சிற்றாலய முறைப்படி' என்று அர்த்தமாம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அந்தக் காலத்தில் ஆர்கன்கூட இல்லாமல் பாடுவதுதான் வழக்கமாக இருந்ததாம். (அதே காலத்தில் வேறு பல கோயில்களில் ஆர்கனும் ஊதுகொம்புகளும் தாராளமாகவே முழங்கியிருக்கின்றன. மாஸ்டர் அதை விட்டுவிட்டார். சொல்லியிருந்தால் தம்பி விட்டிருக்க மாட்டான்.) மூலச் சொல் லத்தீனில் சின்னப் போர்வை என்றும் சொன்னார். 4ஆம் நூற்றாண்டில் படைவீரராக இருந்த புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தார். பிராங்கிய அரசர்கள் அந்த அங்கியைப் பேணிவைத்த இடத்துக்கு அங்கியின் பேரே வந்து, பிறகு சிற்றாலயங்களுக்கெல்லாம் பரவிவிட்டது.

"அப்ப வெட்டு இருக்குதானே?" என்றான் தம்பி.

அடுத்த சிக்கல் சுருதி. ஆர்கன் இல்லாமல் முதல் ஸ்வரத்தை எங்கே போய் எடுப்பது? திங்கட்கிழமைப் பாடத்துக்காக வைத்திருந்த இசைக்கவையைக் கைப்பையிலிருந்து எடுத்தார் விஞ்ஞான டீச்சர். தண்டில் 256 என்று பொறித்திருந்தது, செக்கனுக்கு அத்தனை அதிர்வு. முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, அடியை வாங்குப் பலகையில் ஊன்றினார். பலகை முழுக்க 'ம்ம்ம்' என்று முனகியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி சிலுவை போட்டுக்கொண்டார்.

வருகைப் பாட்டு நன்றாகவே போனது. காணிக்கைப் பாட்டில் பின்வரிசை ஆண்கள் தாளத்தை ஒரு பக்கம் இழுக்க, பெண்கள் இன்னொரு பக்கம் ஓட, திடீரென்று "தா தின் தின் தா" என்று ஒரு சத்தம். கைகளைக் கட்டிக்கொண்டு, வாயாலேயே தபேலா வாசிக்கிறான் தம்பி! மாஸ்டர் முறைத்த முறைப்பில் மெழுகுதிரி அணைந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இந்தக் காலத்து அ கப்பெல்லாக் குழுக்கள் டிரம்ஸ் சத்தத்தையும் வாயாலேயேதான் போடுகின்றன. குரலிலிருந்து வந்தால் எதுவும் செல்லும். சட்டம் தம்பி பக்கம். போதாக்குறைக்குத் தாளமும் நேராகிவிட்டது.

சுருதிக்கு அப்படி ஆள் யாரும் இல்லை. துணை வாத்தியம் இல்லாத கொயர் பாடப் பாடக் கீழே இறங்குவது உலகமெங்கும் உள்ள வியாதி. பாடுகிறவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. நன்மைப் பாட்டுக்கு, அதாவது நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்துப் பாட்டுக்கு, வரும்போது நாங்கள் பாதாளத்தில் நின்று பக்தியோடு பாடிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஆர்கனில் சிவப்பு விளக்கு மின்னியதும் ஆர்கன் அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? புத்தகத்தில் உள்ளபடி, உள்ள சுருதியில், ஆசையாக அமுக்கினார். பக்கத்துக் கோயில் பூசையும் எங்கள் பூசையும் ஒன்றாக நடக்கிற மாதிரி இருந்தது. நன்மை கொடுத்துக்கொண்டிருந்த பாதரின் கை அந்தரத்தில் நின்றது. வாங்க வந்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியவர் மாஸ்டர்தான். தம்பி நிறுத்தவே இல்லை: "தா தின் தின் தா."