நிக்கலாமே

அந்த ஒரு 'மே'யை எத்தனை தடவை காதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேனோ.

யாழ்ப்பாணத்திலிருந்து, இங்கே அகதி முகாமில் இருக்கும் அக்காவின் சான்றிதழுக்கு மறுபிரதி வந்த நாள். மூன்று வருட நர்சிங் படிப்பு, பின்னால் கொழும்பு வெளிவிவகார அமைச்சின் முத்திரை. அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் திரும்ப வாட்டில நிக்கலாமே தம்பி" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'நிக்கலாமே' என்றால் கேள்வி கிடையாது. ஆசையாய்ச் சொல்கிறார் என்று தலையாட்டினேன். அவர் ஊரில் அது 'நிற்கலாமா' என்ற கேள்வி. அடுத்த வாரமே, பாளையங்கோட்டையில் ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஆயா என்பது பேருக்குத்தான். பச்சைப்பிள்ளைக்கு நரம்பு கிடைக்காமல் சின்ன நர்சுகள் திணறினால், டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அக்காவைக் கூப்பிடுவார்கள். ஒரே குத்தில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் ஏறும். அப்புறம் மாப்பை எடுத்துக்கொண்டு போவார். சம்பளமும் மாப்புக்குத்தான்.

சான்றிதழ் நிஜம் என்பது வேறு, பதிவு வேறு. மாநிலப் பதிவேட்டுக்கு 1926-இல் ஒரு சட்டம், இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு 1947-இல் ஒன்று. பதிவேட்டில் பெயர் ஏறாமல் நர்சாக நிற்க முடியாது. இது எனக்குத் தெரியாததா? பதிவுக்கான அடுத்த கட்டத்தில் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். 2006-இல் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி வந்தவரிடம் முகாம் அட்டைதான் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அந்த அட்டையை எந்த மேஜையில் வைத்தாலும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள். 2021-இல் அகதிகள் முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பலகையை மாற்ற ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது.

வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாரே! அதைத்தானே கேட்டார்.

சரி, கேள்வி என்று புரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டே, 'இன்னும் ரெண்டு ஆபீஸ் இருக்குக்கா' என்றா? சொல்லியிருப்பேன் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் வேறொரு பையனின் சான்றிதழ் விஷயமாக முகாமுக்குப் போனேன். அக்கா வாசலில் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையைக் கழற்றிவிட்டு, "தேத்தண்ணி குடிக்கிறியளே" என்றார்.

கேள்வி என்று சட்டென்று புரிந்தது. முகாம் முகாமாக அலையும் இந்தப் பத்து வருடத்தில் எப்போதும் புரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"குடிக்கேன்க்கா" என்றேன்.