எண்ணெய் ஏறும் வழி

2022இல் இலங்கை மலையகத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மாமா ஒருவர், "அரபு நாட்டுல மண்ணுக்கடியில கெடக்குதே, நம்ம மலைக்கடியில கெடக்காதா டீச்சர்?" என்று கேட்டார். உயர்தர மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எல்லார் மனதிலும் நிலத்தடியில் ஓர் எண்ணெய்க் குளம் இருக்கிறது.

குளமெல்லாம் இல்லை. மணற்கல்லின் மணிகளுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில், தண்ணீரோடு சேர்ந்துதான் எண்ணெய் இருக்கும். கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் மிச்சம் ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் சூட்டில் எண்ணெயாகும். அதற்கு மேல் சூடேறினால் வாயு. அழுத்தம் தாங்காமல், அந்தச் சேறு இறுகிய தாய்ப்பாறையிலிருந்து எண்ணெய் பிதுங்கி வந்து, தண்ணீரைவிட இலேசு என்பதால் துளைக்குத் துளை மேலே ஏறும். களிக்கல்லோ உப்புப் படையோ குறுக்கே வந்தால் நின்றுவிடும். அவற்றின் துளைவாய் அவ்வளவு குறுகல். கனடாவின் அல்பர்ட்டாவில் எண்ணெய் நிலமட்டத்துக்கு அருகே வரை ஏறிவந்து, தார் மணலாகக் கெட்டிப்பட்டது.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். ஒன்றைவிட ஒன்று உயரமாகக் கவிழ்த்து வைத்த கோப்பைகளைப் போலப் பாறை மடிப்புகள் இருப்பதாக வையுங்கள். கீழிருந்து எண்ணெயும் வாயுவும் வருகின்றன. முதல் மடிப்பின் உச்சியை வாயு பிடித்துக்கொள்ளும். வாயு சேரச் சேர எண்ணெய் கீழே தள்ளப்பட்டு, விளிம்பு தாண்டி அடுத்த மடிப்புக்கு ஏறிவிடும். ஆக, இலேசான வாயு ஆழத்தில், கனமான எண்ணெய் அதற்கு மேலே! 1954இல் நிலவியலாளர் வில்லியம் கசோ இதை விளக்கி எழுதினார். வகுப்பில் சொன்னால் முதலில் ஒருவரும் நம்புவதில்லை.

இலங்கையில் இதற்கெல்லாம் இடம் இருப்பது மன்னார்க் கடலடியில். அங்கே படிவுப் பாறை கிலோமீற்றர் கணக்கில் தடிப்பு. 2011இல் டொராடோ கிணற்றில் வாயுவும் கண்டார்கள்.

நம் மலையோ 700 பாகைக்கும் மேல் வெந்த பாறை. உயிர்ப்பொருள் அந்தச் சூட்டில் பென்சில் காரீயமாகத்தான் (கிராபைட்) மிஞ்சும். மணிகளுக்கு நடுவே துளையும் இல்லை. பீலியில் வரும் தண்ணீர்கூட வெடிப்புகள் வழியாகத்தான் வருகிறது. பண்டாரவளைப் பக்கம் சுரங்கம் குடைந்தபோது கிணறுகள் வற்றியதே, அந்தத் தண்ணீர் இறங்கியதும் அதே வெடிப்புகள் வழியேதான் என்றேன். மாமாவுக்கு அது உடனே விளங்கியது.