மாத்திரை மாசமும் மாத்திரை இல்லாத மாசமும்

14 ஆகஸ்ட் 2025, வியாழன்

மாதவிடாய் தொடங்கிப் பதினோராம் நாள் ஸ்கேன். நாலு முட்டைப் பை: 15, 16, 17, 18 மி.மீ. முட்டை வளர்க்கிற லெட்ரோசோல் மாத்திரை 5 மி.கி. ஐந்து நாள், நடுவில் அதற்கே எச்.எம்.ஜி. ஹார்மோன் ஊசி 75 யூனிட் இரண்டு முறை. அதன் விளைச்சல். திரையைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டரம்மா முகம் சரியில்லை. "நாலும் வெடிச்சா மூணு குழந்தை கூட தங்கிடும். இந்த மாசம் ஐ.யு.ஐ. வேண்டாம். வீட்லயும் சேராதீங்க." ஐ.யு.ஐ. என்றால் கழுவின விந்தைக் கர்ப்பப்பைக்குள் நேராக விடுவது.

மூன்று வருஷமாக எந்தெந்த நாள் சேரணும் என்று நாள் குறித்துக் கொடுத்தவர் அவர். சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் வந்ததும் அழுகை. "ரெட்டைப் பிள்ளைன்னா ஒரே செலவுல முடியுமே" என்கிறார் அத்தை. குறைமாதம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தூக்கம் வராமல் படித்தது. 1999-ல் அமெரிக்காவில் 932 தம்பதிகளை வைத்து ஒரு ஆய்வு. ஊசி போட்டு முட்டை வளர்த்து ஐ.யு.ஐ. செய்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் கர்ப்பம்; வெறும் ஐ.யு.ஐ. மட்டும் செய்தவர்களில் 18. இது ஒரு மாதக் கணக்கு இல்லை, நாலு முறை வரை முயன்ற கணக்கு. 2015-ல் வந்த இன்னொன்று 900 தம்பதிகளோடு: ஊசியில் தங்கிய கர்ப்பங்களில் 32 சதவீதம் இரட்டை, அல்லது அதற்கும் மேலே. லெட்ரோசோலில் 13, குளோமிஃபீன் என்கிற இன்னொரு மாத்திரையில் 9.

முதல் ஆய்வைப் படித்தபோது ஊசிதான் சரி என்று தோன்றியது. இரண்டாவதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

3 செப்டம்பர், புதன்

நேற்று தலைக்கு ஊற்றினேன். இந்த முறை மருந்தே இல்லாமல் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. எனக்கு முட்டை மாதாமாதம் தானாகவே வருகிறது, குழாய் இரண்டும் திறந்திருக்கிறது, குறை என் வீட்டுக்காரரின் விந்தணுக் கவுன்ட்டில் மட்டும், அதுவும் லேசாக. கழுவின சாம்பிளைக் கர்ப்பப்பைக்குள் நேராக விட்டாலே அந்தக் குறைக்குப் பாதி வைத்தியம். ஆனால் ஒரே முட்டை, வாய்ப்பு குறைவுதான் என்பதையும் மறைக்கவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

முட்டை வெடிக்கப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.எச். ஸ்ட்ரிப்பை மதியம் பார்ப்பது நல்லதாம். பள்ளி கழிவறையில், சாப்பாட்டு மணி அடித்ததும். இரண்டாவது கோடு மங்கல். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவைத் தட்டி, "மிஸ், சாவி உங்ககிட்டயா?"

13 செப்டம்பர், சனி

மதியம் கோடு கறுத்துவிட்டது. இவர் ஓசூரில், ஷிஃப்டில். மாத்திரை மாசத்தில் வெடிக்கிற ஊசி போட்டு 36 மணி நேரம் கழித்து என்று மணியே சொல்லிவிடுவார்கள், லீவு எழுதிக் கொடுக்க அவகாசம் இருக்கும். இப்போது என் உடம்பு சனிக்கிழமை மத்தியானம் சொல்கிறது, நாளைக்கு வா என்று. நாளை ஞாயிறு. லேப் ஆள் வருவாரா என்று நாலு போன். வருகிறாராம், பத்து மணிக்குள் சாம்பிள் கொடுத்துவிட வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

இவர் கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக ராத்திரி பஸ் பிடித்து நாலரைக்குச் சேலம் வந்து இறங்கினார். தூக்கமில்லாத கண்ணோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வாங்கிக்கொண்டு அந்த அறைக்குள் போன மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு நடந்தது அஞ்சு நிமிஷம், பிறகு கால் மணி நேரம் படுக்கை.

28 செப்டம்பர், ஞாயிறு

வந்துவிட்டது. காலையிலேயே.

மருந்தில்லாத மாசம் உடம்புக்கு இதமாக இருந்தது, வயிறு உப்பவில்லை, யார் மேலும் எரிந்து விழவில்லை. இருந்தாலும் 32 வயதில் ஒற்றை முட்டையை நம்பிக்கொண்டு இன்னும் ஆறு மாதம் போக எனக்குத் தைரியமில்லை. போனில் அதையே சொன்னேன். லெட்ரோசோல் 2.5 மட்டும், ஊசி இல்லாமல், இரண்டு முட்டை வந்தால் போதும் என்று பேசி முடித்தோம்.

நாளைக்கு இரண்டாம் நாள் ஸ்கேன். காலாண்டு விடுமுறை, எச்.எம்.மிடம் பொய்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை.