ஆப்பில் 92, தேர்வில் 460

லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு எல்பிஐசி-1. அதன் முதல் தாளின் மதிப்பெண் 200-இல் தொடங்கி 800 வரை போகும். தேறுவதற்கு 500 வேண்டும். எனக்கு வந்தது 460. முந்தின நாள் இரவுகூட கைத்தொலைபேசியில் பயிற்சிக் கேள்வி தரும் ஆப்பில் 92 சதவீதம் எடுத்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் தொலைபேசி மேல்.

பதினோரு வருஷமாக நான் ஹெல்ப்டெஸ்க். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு நான் பாஸ்வேர்டு ரீசெட் பண்ணிக் கொடுக்கிற அக்கா, அவ்வளவுதான். சர்வர் டீமில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று காதில் விழுந்ததும் இந்தத் தேர்வுக்கு இறங்கினேன். பயிற்சி வகுப்புகளுக்கென்று சிங்கப்பூர் அரசாங்கம் கொடுத்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளியை எப்போதோ கேக் அலங்கார வகுப்பில் கரைத்தாகிவிட்டது (கேக் நன்றாகவே வரும், வேண்டுமானால் சொல்லுங்கள்). அதனால் வகுப்புக்குப் போகவில்லை. பத்து வெள்ளிக்கும் குறைவாக ஓர் ஆப்.

வீடு பொங்கோலில். காலையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிடும். ஊட்ரம் பார்க்கில் மாறி தஞ்சோங் பகார் போக வேண்டும். செங்காங்கில் ஆரம்பித்தால் தோபி காட் வருவதற்குள் நாற்பது கேள்வி ஓடிவிடும். நான்கு பதில், ஒன்றைத் தொடு, பச்சை வந்தால் அடுத்தது. மூன்று மாதத்தில் எனக்கு லினக்ஸ் வந்ததோ இல்லையோ, அந்த ஆப் அத்துப்படி. கேள்வியின் முதல் மூன்று சொல்லைப் பார்த்ததுமே விரல் மூன்றாவது பதிலுக்குப் போய்விடும். நான்கில் எது நீளமோ அதுதான் பெரும்பாலும் சரி என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதைப் படிப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் 60 கேள்வி, 90 நிமிடம். நேரம் தாராளம். ஆனால் சில கேள்விகளுக்குக் கீழே பதில்களே இருக்காது, வெறும் கட்டம் இருக்கும். கட்டளையை நாமே டைப் பண்ண வேண்டும். என்ன கேட்டார்கள் என்று கேட்காதீர்கள், வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். கட்டளை தொண்டை வரை வந்து நிற்கிறது. நடுவில் ஒரு ‘பி’ வரும் என்று தெரிகிறது. நான்கு பேரை வரிசையில் நிறுத்தினால் இவன்தான் என்று கை காட்டிவிடுவேன், பேரைச் சொல் என்றால் வரவில்லை.

சர்வர் டீமில் காரைக்குடிக்காரத் தம்பி ஒருத்தர் இருக்கிறார். தே தாரே குடிக்கும்போது அவரிடம் புலம்பினேன். “பதிலத் தொட்டுத் தொட்டு என்னக்கா வரும்? வெறும் ஸ்க்ரீன்ல விரலுக்குத் தானா வரணும்,” என்றவர், என் தொலைபேசியை வாங்கி டெர்மக்ஸைப் போட்டுக் கொடுத்தார். ஆண்ட்ராய்டுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை டைப் பண்ண ஒரு டெர்மினல். கருப்புத் திரை, ஒரு டாலர் குறி. வால்யூம் குறைக்கிற பொத்தான்தான் கண்ட்ரோல் கீ. அதற்கு முன்னால் நோட்ஸில் கட்டளைகளை எழுதிப் பழகப் பார்த்தேன், சரிப்படவில்லை. முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கிவிடும், லினக்ஸுக்கு அது வேறு எழுத்து.

முதல் வாரமே ஆப்பின் குட்டு ஒன்று உடைந்தது. கோப்பு தேடுகிற ஃபைண்ட் கட்டளையில், கடைசியாக மாற்றி எத்தனை நாள் என்று பார்க்கிற எம்டைமுக்கு பிளஸ் 7 போட்டால் ஏழு நாளைத் தாண்டிய கோப்புகள் எல்லாம் வரும் என்று ஆப் சொல்லியிருந்தது. டச் கட்டளையில் தேதியைப் பின்னால் தள்ளி இரண்டு கோப்பு உண்டாக்கினேன். ஒன்றுக்கு 180 மணி நேர வயது, இன்னொன்றுக்கு 200. இரண்டுமே ஏழு நாளைத் தாண்டியவை. ஃபைண்ட் காட்டியதோ 200 மணி நேரக் கோப்பை மட்டும். தப்பாக டைப் பண்ணிவிட்டேனோ என்று கோவனிலிருந்து லிட்டில் இந்தியா வரை திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். கடைசியில் கட்டளையோடு வரும் கையேட்டை, அதாவது மேன் பேஜைத் திறந்தேன். வயதை 24 மணி நேரத் துண்டுகளாக வெட்டி, மிச்சத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். ஏழரை நாளும் அதற்கு ஏழுதான். ஏழுக்கு மேல் என்றால் எட்டு முழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். இது இனி எனக்கு மறக்காது.

அடுத்து யூமாஸ்க். புதுக் கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதியில் எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று சொல்கிற எண். புதுக் கோப்பின் அனுமதி என்னவென்று கண்டுபிடிக்க 666-இலிருந்து யூமாஸ்கைக் கழி என்றது ஆப். 022-ஐக் கழித்தால் 644, சரியாக வருகிறது. 027? சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகனிடம் கேட்டேன். தொடக்கநிலை ஐந்து. “ஆறுல ஏழு போகாதும்மா, பக்கத்துல கடன் வாங்கணும்,” என்று சொல்லி 639 என்று எழுதிக் கொடுத்தான். அனுமதி எண்களில் 9 என்று ஒன்று கிடையவே கிடையாது. டெர்மக்ஸில் செய்து பார்த்தால் 640. யூமாஸ்க் கழிப்பதில்லை, தன்னிடம் இருக்கிற பிட்டுகளை மறைக்கிறது, அவ்வளவுதான். 7 என்றால் படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று பிட்டும். மூன்றையும் மறைத்துவிட்டது, அதனால் கடைசி இடத்தில் சுழியம். கடன் வாங்க ஒன்றும் இல்லை.

டெர்மக்ஸ் மட்டும் போதாது. சேவைகளை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் அதில் வேலை செய்யாது, கோப்புறைகளும் வழக்கமான இடத்தில் இருக்காது. அதற்கு வீட்டில் பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, மகன் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு நினைப்பவர்கள் மடிக்கணினியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். அங்கே நான்கு பதில் என்ற பேச்சே இல்லை, முழுக்கச் செய்து காட்டுகிற தேர்வு.

இரண்டாவது முறை 570. அடுத்து இரண்டாம் தாள், 102 இருக்கிறது. இப்போது ரயிலில் கிரான் ஓடிக்கொண்டிருக்கிறது, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக நடத்துகிற ஏற்பாடு அது. தேதிக்கு 13, கிழமைக்கு வெள்ளி என்று இரண்டையும் போட்டால் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மட்டும்தான் வேலை நடக்கும் என்று நினைத்தேன். இல்லை, 13-ஆம் தேதிதோறும் ஒரு தடவை, போதாததற்கு எல்லா வெள்ளியும்.

ஆப்பை நீக்கவில்லை. மாலையில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது டெர்மக்ஸில் டைப் பண்ண முடியாது, அப்போது அதுதான் துணை. யூமாஸ்க் விளக்கம் தப்பு என்று ஆப்காரர்களுக்கு எழுதியும் போட்டேன். நேற்று பொத்தோங் பாசிர் தாண்டும்போது அதே கேள்வி வந்தது. 640-ஐத் தொட்டேன், பச்சை. கீழே விளக்கத்தில் இன்னும் கழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.