மேல் வீதிக்கும் கீழ் வீதிக்கும் நடுவே

இலங்கை மலையகத்தில் ரயில் 1884இல் ஹட்டனையும் அடுத்த ஆண்டு நானுஓயாவையும் எட்டியது. அந்தப் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. மலையைச் சுற்றி மேலே ஒரு வீதி, கீழே ஒரு வீதி. இரண்டையும் இணைப்பவை பழைய கற்படிகள். வாகனத்தில் போகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடப்பவர்களுக்கு அவைதான் வீதி.

இந்தக் குறுக்குப் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஒன்றை மதில் விழுங்கிவிட்டது. இன்னொன்றின் வாயிலில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். விளைவு, பிள்ளைகள் பெரிய வளைவைச் சுற்றி, நடைபாதையே இல்லாத ஓரத்தில், லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். சிலர் தண்டவாளத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

வீதியை அகலப்படுத்த வேண்டும் என்று கூட்டம்தோறும் கேட்கிறோம். அகலப்படுத்தினால் வாகனங்கள் இன்னும் வேகமாக வரும். நடப்பவருக்குத் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. படிகளைத் திறந்து செப்பனிடுவதுதான் முதல் வேலை என்பேன்.

கோயிலுக்குப் பின்னால் இறங்கும் படிகளைப் போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு கல் பெயர்ந்து, இரண்டு படிகளின் உயரம் சேர்ந்து ஒரே படியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாயி, “ஏறிவிடுவேன் பிள்ளை, இறங்கத்தான் பயம்” என்கிறார். அவர் சொல்வது சரி. நாலைந்து படி இறங்கியதும் கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடுகிறது. ஒரு படி மாறினாலும் தடுமாறுகிறது. ஏறத்தாழ 15 சென்டிமீற்றர் உயரம், 30 சென்டிமீற்றர் அகலம் என்று எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருந்தால் வயதானவர்களும் நம்பிக் கால் வைக்கலாம்.

கல் ஏன் பெயர்ந்தது? பக்கத்துக் காண், அதாவது மழைநீர் வடிகால், பிளாஸ்டிக் பைகளால் அடைபட்டுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் தண்ணீர் படிவழியே ஓடி, அடிமண்ணை அரித்துக்கொண்டு போகிறது. காணைத் துப்புரவாக்காமல் மேலே சீமெந்து பூசுவது பணத்தை ஓடையில் கொட்டுவதுதான். பூசும்போதும் வழவழப்பாக விடக்கூடாது. ஈரம் காயுமுன் விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிட்டால் பாசி படிந்தாலும் பிடிப்பு இருக்கும். ஒரு பக்கமாவது கைபிடிக் கம்பி வேண்டும். அது கடைசிப் படியைத் தாண்டிச் சற்று நீள வேண்டும்.

உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையிடமிருந்து, “படிக்கட்டில் அந்தப் பாதி தோட்டத்து நிலம், சபை கை வைக்க முடியாது” என்ற பதிலை எங்கள் பெற்றோர் காலம் முதல் கேட்டுவந்தோம். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவிட இருந்த தடை 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு நீங்கியது. வரி கட்டியும் வாக்களித்தும் ஒரு சாதாரணப் படிக்கட்டுக்காக இத்தனை தலைமுறை காத்திருந்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

காணை நாங்களே சிரமதானத்தில் வெட்டிவிடுவோம். மண்வெட்டிக்கும் ஆளுக்கும் இங்கே குறைவில்லை. சபையிடம் கேட்பது வேறு: எஞ்சியிருக்கும் ஒவ்வொரு படிக்கட்டையும் அளந்து, பொதுப் பாதையென்று வீதிப் பட்டியலில் பதிய வேண்டும். பதிவில் இல்லாத பாதைக்கு யாரும் பூட்டுப் போடலாம். மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். கீழ் லயத்து வீடுகள் இன்னும் பாக்கி.