லேயிலிருந்து ஹான்லேவுக்கு: பெர்மிட், ஜெராக்ஸ், செக்போஸ்ட்

லடாக்கில் சீன எல்லைப் பக்கம் இருக்கும் ஹான்லே கிராமத்துக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பெர்மிட் பற்றித்தான். 2021 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட், அதாவது எல்லையோரப் பகுதிக்குள் போக வாங்கும் அனுமதி, தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி, ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம் என்பதால் போனவுடன் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் அறையிலிருந்தே போனில் கட்டிவிட்டேன். என் சிம் போஸ்ட்பெய்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, கிளம்பும் முன்பே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜெராக்ஸ். ரசீதையும் ஆதாரையும் தாராளமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்சி ஓட்டுநர். அவர் சொன்னது சரிதான். சிந்து நதியை ஒட்டியே உப்ஷி, சுமாதாங், மாஹே, நியோமா என்று சாலை போகிறது. செக்போஸ்ட்டில் காவலர் ரசீதில் இருந்த ஊர்ப் பெயர்களை விரல் வைத்துப் படித்தார், வண்டி எண்ணைத் தடித்த நோட்டில் எழுதினார், ஒரு பிரதியை வாங்கிக் கம்பியில் குத்திவைத்தார். காற்றில் படபடத்துக்கொண்டிருந்த அந்தத் தாள்கட்டுதான் அன்று அந்தச் சாலையில் போனவர்களின் கணக்கு.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எனக்குக் கோபம் வரவில்லை. சீன எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. 59,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த லடாக்கில் 2011 கணக்கெடுப்பின்படி மூன்று லட்சம் பேர்கூட இல்லை. வழியில் எதாவது ஆகிவிட்டால் நம்மைத் தேடுவதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

எனக்கு வருத்தம் தந்தது வேறு. இந்தத் தூரம் எனக்கு ஒரு பயணம், ஹான்லேக்காரர்களுக்கு அன்றாடப் பாடு. நான் தங்கிய வீட்டு அக்கா, பெரிய ஆஸ்பத்திரி, மாவட்ட அலுவலகம் எல்லாவற்றுக்கும் லேக்குத்தான் போக வேண்டும் என்றார். இருநூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். குளிர்காலத்தில் அதை நினைக்கவே பயமாக இருந்தது. 2024 ஆகஸ்டில் அறிவித்த ஐந்து புதிய மாவட்டங்களில் ஹான்லே இருக்கும் சாங்தாங்கும் ஒன்று. பெயர்ப்பலகை மட்டும் போதாது, டாக்டரும் தாசில்தாரும் அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும்.

ஹான்லே இருள்வானக் காப்பகம், நட்சத்திரம் பார்ப்பதற்காக இரவில் செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம். இரவில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். முடிந்தவரை பகலிலேயே போய்ச் சேருங்கள். ரசீதில் திரும்பும் தேதியை ஒரு நாள் கூட்டியே போடுங்கள், சாலை அடைபட்டால் உதவும்.